ஹதியாவா, ஹக்கா? பிரேமதாச காலம் கற்றுத் தரும் பாடம்

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். எங்கள் வாப்பும்மாவின் பிறப்புப் பதிவில் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பதிவில் இன்னொரு பெயர். அதைத் திருத்துவதற்காக வாப்பா நான்கு தடவை கச்சேரிக்கு அலைந்தார். போகும் போதெல்லாம் ஒன்று, பொறுப்பான உத்தியோகத்தர் இருக்க மாட்டார். அல்லது ஏதாவது ஒரு கடதாசி குறைவாக இருக்கும்.

ஐந்தாவது தடவை வாப்பா கச்சேரிக்குப் போகவில்லை. கச்சேரியே எங்களைத் தேடி வந்தது. பக்கத்து ஊர்ப் பாடசாலை மைதானத்தில் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் அமைச்சினதும் உத்தியோகத்தர்கள் மேசை போட்டு அமர்ந்திருந்தார்கள். ‘ஜனாதிபதி நடமாடும் சேவை’ என்று பெரிய பதாகை கட்டப்பட்டிருந்தது. காலையில் போன வாப்பும்மா, திருத்திய பத்திரத்தோடு அஸருக்கு முன்னர் வீடு திரும்பிவிட்டார்.

வந்ததும் வராததுமாக அவர் கையேந்தினார். “யா அல்லாஹ், இந்த மனுசன நல்லா வெச்சிரு.”

வாப்பா சிரித்தார். “துஆ கேளுங்க உம்மா, வேணாங்கல்ல. ஆனா இது அவர் தந்த ஹதியா இல்ல. நம்மட ஹக்கு.”

அந்த வயதில் எனக்கு இதன் பொருள் விளங்கவில்லை. பின்னர் அரபுக் கல்லூரியில் பிக்ஹு ஓதிய காலத்தில்தான் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் புரிந்தது. ஹதியா என்பது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. நாளை அவர் நிறுத்திவிட்டால் ஏன் நிறுத்தினீர் என்று கேட்க முடியாது. ஹக்கு அப்படியல்ல. தராவிட்டால் கேட்டு வாங்கலாம். மறுத்தால் வழக்கு வைக்கலாம். ஒரு தலைவர் மக்களுக்குச் செய்தவற்றை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது என்பதே என் எண்ணம். 1989 முதல் 1993 வரை இந்நாட்டை ஆண்ட ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் காலத்தை அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

வாழைத்தோட்டத்துப் பிள்ளை

சுதந்திரத்துக்குப் பின்னர் இந்நாட்டை ஆண்டவர்களின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். சேனாநாயக்க, கொத்தலாவல, பண்டாரநாயக்க, ஜயவர்தன. பெரும் காணி உரிமையும் பெரிய படிப்பும் செல்வாக்கும் உள்ள குடும்பங்கள். பிரேமதாச 1924ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி கொழும்பு வாழைத்தோட்டத்தில் பிறந்தவர். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே ஒழுங்கையில் நெருங்கி வாழும் பகுதி அது. 1950இல் கொழும்பு மாநகர சபைக்குள் நுழைந்த அவர், 1960இல் முதன்முறையாகப் பாராளுமன்ற உறுப்பினரானார். 1978இல் பிரதமரானார்.

1988 டிசம்பர் 19ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு 50.43 வீத வாக்குகள் கிடைத்தன. அது சாதாரண தேர்தலல்ல. வாக்களிக்கச் செல்வோருக்கு மரணம் என்று ஜே.வி.பி. அச்சுறுத்திய தேர்தல். பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் ஏறக்குறைய 55 வீதமானோரே வாக்களித்தனர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பலர் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

ஒழுங்கையில் பிறந்த ஒருவர் நாட்டின் அதியுயர் பதவிக்கு வர முடிந்தமையே ஜனநாயகம் ஓரடி அகன்றதற்கு அடையாளம். பிறப்பைச் சொல்லி அவரைக் கேலி செய்தவர்களும் அன்று இருந்தார்கள். அந்தக் கேலியைக் கேட்ட ஏழை மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டார்கள்.

ஏழையின் கைக்கு வந்தவை

பிரேமதாசவின் வேலைத்திட்டங்களுக்கு வீடுதான் அத்திவாரம். பிரதமராகவும் வீடமைப்பு அமைச்சராகவும் இருந்த காலத்தில் 1978இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தையும், 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் ஆரம்பித்தார். இரண்டாவது திட்டத்தில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. அரசாங்கம் வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக, சிறு கடனைக் கொடுத்து, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. கொழும்புச் சேரிகளில் கிணறு, வடிகால் போன்ற சிறு வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடாமல், அங்கு குடியிருப்போரின் சங்கத்துக்கே கொந்தராத்தாகக் கொடுக்கும் முறையும் அக்காலத்தில் வந்தது. தன் ஒழுங்கையின் வடிகால் எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அங்கேயே வாழும் மக்கள்! 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தியதும் பிரேமதாச முன்வைத்த யோசனையின்படியே.

ஜனாதிபதியானதும் ஜனசவிய வந்தது. தெரிவு செய்யப்பட்ட ஒரு வறிய குடும்பத்துக்கு 24 மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. மீதி 1,042 ரூபா கட்டாயச் சேமிப்பு. இரண்டு வருட முடிவில் ஏறக்குறைய 25,000 ரூபா மூலதனம் கையில் இருக்கும். அதை வைத்துச் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்பது எண்ணம். உதவி பெறும் குடும்பத்தார் பொதுவேலைகளுக்கு உழைப்பைத் தர வேண்டும். வறியவரைக் கையேந்த வைக்காமல் எழுந்து நிற்க வைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் இதில் இருந்தது. ஆனால் நாட்டு ஏழைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் திறைசேரியில் பணமில்லை. எனவே சுற்றுச் சுற்றாகக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குக் கிடைக்க, பக்கத்து வீடு பார்த்துக்கொண்டிருந்தது.

1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம். கொழும்பையும் கட்டுநாயக்கவையும் சுற்றியிருந்த தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டு போக வேண்டும் என்பது நோக்கம். அக்காலத்தில் மேற்கு நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்திருந்தன. அந்தக் கோட்டாவைப் பங்கிடும் அதிகாரம் நமது அரசாங்கத்திடம் இருந்தது. தூரக் கிராமத்துக்குப் போகும் முதலாளிக்குக் கோட்டா என்றதும் தொழிற்சாலைகள் காட்டோரத்துக்கும் போயின. கிராமத்துப் பெண்கள் முதன்முதலாகச் சொந்தக் கையில் சம்பளம் வாங்கினார்கள். எனினும் அங்கே தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரம் சொற்பமாகவே இருந்தது.

இவற்றையெல்லாம் ஜனரஞ்சக அரசியல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. பசியோடு இருந்தவன் அப்படித் தள்ளமாட்டான். அதேவேளை ஒன்றைக் கவனியுங்கள். வருடந்தோறும் பெரும் ஆரவாரத்துடன் நடந்த ‘கம் உதாவ’ கிராம எழுச்சி விழா, ஜூன் 23ஆம் திகதியை ஒட்டியே நடந்தது. அது ஜனாதிபதியின் பிறந்த தினம். மக்களின் வரிப்பணத்தில் கட்டிய வீடு, ஒரு மனிதரின் பிறந்தநாள் அன்பளிப்புப் போல மக்களின் கையில் வந்து சேர்ந்தது. என் வாப்பும்மா கையேந்தி அவருக்காகத் துஆ கேட்டதில் வியப்பென்ன இருக்கிறது?

ஐந்து வீதக் கதவு

ஆரவாரமில்லாமல் நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அதில் ஒரு வெட்டுப்புள்ளி வைத்திருந்தார்கள். ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஆசனம் எதுவுமில்லை. உதாரணமாக, செல்லுபடியான வாக்குகள் 2 இலட்சம் உள்ள மாவட்டத்தில் 24,000 பேர் ஒரு சிறிய கட்சிக்கு வாக்களித்தாலும் அந்த வாக்குகள் கணக்கிலேயே வரமாட்டா. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் வசதியான வேலி அது. சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு ஏற முடியாத மதில்.

1988 ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் பிரேமதாசவிடம் கேட்டது பதவியல்ல, பணமுமல்ல. இந்த வெட்டுப்புள்ளியைக் குறைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். பிரேமதாச இணங்கினார். தேர்தலுக்கு ஓரிரு நாட்களுக்கு முன்னர், 1988 டிசம்பரில், 15ஆவது திருத்தம் நிறைவேறியது. 12.5 வீதம் 5 வீதமாக இறங்கியது. மேலே சொன்ன உதாரண மாவட்டத்தில் 25,000 வாக்கு வேண்டியிருந்த இடத்தில் 10,000 போதும் என்றாயிற்று.

1989 பெப்ரவரி 15இல் நடந்த பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குள் சென்றது. அந்தக் கதவு நமக்காக மட்டும் திறந்திருக்கவில்லை. மலையக மக்களின் கட்சிகள், இடதுசாரிகள், புதிய கட்சிகள் என்று யாவருக்கும் திறந்தது. அது தேர்தல் பேரத்தில் பிறந்தது உண்மைதான். ஆனால் அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டதால் பேரம் பேசியவர்கள் போன பின்னரும் அது நிற்கிறது.

மூடிய கதவுகள்

நியாயமாக எழுத வேண்டுமானால் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். நல்லதை மட்டும் சொல்லும் சாட்சி அரைச் சாட்சிதான்.

பதவியேற்ற மாதத்திலேயே பிரேமதாச அவசரகாலச் சட்டத்தை நீக்கினார். தடுப்பிலிருந்தோரை விடுதலை செய்தார். ஜே.வி.பி.யைப் பேச வருமாறு அழைத்தார். அவர்கள் வரவில்லை, கொலைகள் தொடர்ந்தன. 1989 ஜூனில் அவசரகாலச் சட்டம் மீண்டும் வந்தது. அதன் பிறகு தெற்கில் நடந்தவற்றை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இரவில் இழுத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், வீதியோரத்தில் டயரில் எரிந்த உடல்கள், ஆற்றில் மிதந்த சடலங்கள். ஆயிரம் ஆயிரமாய்ப் பிள்ளைகள் காணாமல் போனார்கள். 1989 நவம்பரில் ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீர கொல்லப்பட்ட பின்னரும் அது நிற்கவில்லை. 1990 பெப்ரவரியில் ஊடகவியலாளர் றிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் மாத்தறையில் அன்னையர் முன்னணியை அமைத்தார்கள். ஜனசவியப் பெயர்ப்பட்டியல் போன அதே கிராமங்களுக்குத்தான் இலக்கத் தகடில்லாத வாகனங்களும் போயின.

வடக்கு கிழக்கில் விடுதலைப் புலிகளுடன் 1989இல் தொடங்கிய பேச்சுவார்த்தை 1990 ஜூனில் முறிந்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் அவர்களே வெளியேற்றினார்கள். உடுத்த உடையோடு வந்தவர்கள் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் குந்தினார்கள். மற்ற இடங்களில் வாசலுக்கு வந்த அரசாங்கம், அந்த மக்களின் வாசலைக் காக்க வரவில்லை.

கொழும்பிலும் ஒரு கதவு மூடியது. 1991 ஓகஸ்டில் ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணை சபாநாயகர் எம்.எச். முஹம்மதிடம் கையளிக்கப்பட்டது. சர்வாதிகாரப் போக்கு, அதிகாரத் துஷ்பிரயோகம் என்று குற்றச்சாட்டுகள். கையொப்பமிட்டவர்களில் ஆளுங்கட்சிக்காரரும் இருந்தனர். ஜனாதிபதி பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். அவகாசம் கிடைத்தது. பலர் தமது கையொப்பத்தை மறுத்தனர். ஒக்டோபரில் பிரேரணை நிராகரிக்கப்பட்டது. முன்னின்ற லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பாராளுமன்ற ஆசனங்களையும் இழந்தனர்.

ஏழையின் குடிசை வாசலில் வந்து நின்று குறை கேட்ட அதே ஜனாதிபதி, தன்னைக் கேள்வி கேட்கும் உரிமையுள்ள சபையின் வாசலைப் பூட்டினார். கீழே ஜனநாயகம் அகலும்போதே மேலே அது ஒடுங்கியது. கேட்பவருக்குக் கொடுக்க அவர் தயங்கவில்லை. கேள்வி கேட்பவரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

1993 ஏப்ரல் 23ஆம் திகதி லலித் அத்துலத்முதலி கூட்டமொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாட்களின் பின்னர், மே தின ஊர்வலத்தில் நின்ற ஜனாதிபதி பிரேமதாசவைத் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் கொன்றார். அவர் பிறந்த வாழைத்தோட்டத்திலிருந்து அந்த இடம் அதிக தூரமில்லை. அன்று வாப்பும்மா அழுதார்.

எது போனது, எது நின்றது?

இப்போது தராசை எடுப்போம்.

பெரும் கொண்டாட்டமாக நடந்த ‘கம் உதாவ’ அவரோடு ஓய்ந்தது. ஜனசவியவின் இடத்தை 1995இல் சமுர்த்தி எடுத்துக்கொண்டது. 2023இல் அஸ்வெசும வந்தது. ஒவ்வோர் அரசாங்கமும் பெயரை மாற்றியது, பட்டியலும் மாறியது. பட்டியலில் தன் பெயர் விடுபட்டுவிடுமோ என்று ஏழை ஒவ்வொரு தடவையும் அஞ்சினான். கொடுத்தவரின் பெயரோடு வருவது கொடுத்தவரின் பெயரோடு போகும். ஹதியாவின் இயல்பு அதுதான்.

நின்றவை எவை? 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் மாவட்டக் கச்சேரியின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. மைதானத்துக் கொட்டகை ஒரு நாளில் கலைந்துவிட்டது. பிரதேச செயலகமோ நிலையாக நிற்கிறது. வாப்பா நான்கு தடவை மாவட்டத் தலைநகருக்கு அலைந்த அலுவல்களில் பலவற்றை இன்று என் பிள்ளைகள் பக்கத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். அதற்காக எந்த ஜனாதிபதிக்கும் அவர்கள் துஆ கேட்பதில்லை. கேட்காதிருப்பதே அது ஹக்காகிவிட்டது என்பதற்குச் சான்று.

பாடசாலைச் சீருடையும் அப்படித்தான். 1993இல் இலவசச் சீருடைத் துணி கிடைத்தபோது அதை முகர்ந்து பார்த்த வாசம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதுவும் ஹதியாவாகத்தான் வந்தது. ஆனால் எந்தக் கட்சிக்காரரின் பிள்ளை என்று பார்க்காமல், பட்டியல் போடாமல், எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. அதனால் பின்வந்த அரசாங்கங்களால் அதை இலகுவில் கைவிட முடியவில்லை. பிந்தினால் பெற்றோர் அதிபரிடம் போய் ஏன் என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக்கினால் ஹதியாவும் ஹக்காகும்.

ஐந்து வீதத்தின் கதையோ வியப்பானது. 2020 பொதுத் தேர்தலில் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு மூன்றே ஆசனங்கள். கொழும்பிலும் கம்பஹாவிலும் அக்கட்சி பெற்றது 5 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளே. பழைய 12.5 வீத வேலி இருந்திருந்தால் அவ்விரு மாவட்டங்களிலும் அதற்கு ஆசனமே கிடைத்திராது. கொழும்பில் வென்றவர் அநுர குமார திசாநாயக்க. 2024 செப்டம்பரில் அவர் ஜனாதிபதியாகத் தெரிவானார். நவம்பரில் அவரது அணி 225இல் 159 ஆசனங்களை வென்றது. பிரேமதாச காலத்தில் துப்பாக்கியால் நசுக்கப்பட்ட கட்சி, பிரேமதாச இறக்கிவைத்த வெட்டுப்புள்ளியைத் தாண்டி, வாக்குப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்தது. முஸ்லிம்கள் கேட்டுத் திறந்த கதவு அது. சட்டத்தில் எழுதிய உரிமை இன்னாருக்கென்று பார்ப்பதில்லை. அதை எழுதியவனின் எதிரிக்கும் அது பொதுவானது. அதனால்தான் அது உரிமை.

சகோதரர்களே, சகோதரிகளே! தலைவர்கள் இனியும் வருவார்கள். அரிசி தருவார்கள், வீடு தருவார்கள், நம் பிள்ளையின் தலையைத் தடவுவார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசிக்குத் தத்துவம் போதாது. வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? எனக்கு வாக்களிக்காதவன் என்று நீர் நினைக்கும் என் அயலவனுக்கும் இது உண்டா? நீர் தவறு செய்தால் உம்மைக் கேட்க ஒரு சபையும் ஒரு நீதிமன்றமும் திறந்திருக்குமா?

மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் ஜனநாயகம் அகலுகிறது என்று நம்பலாம். இல்லையென்றால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு, கிடைக்க வேண்டியதற்காகத் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டியதுதான்.

வாப்பும்மா இறந்து பல வருடங்களாகிவிட்டன. வாப்பாவும் இல்லை. அந்தத் திருத்திய பிறப்புப் பத்திரம் மட்டும் இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும் போதெல்லாம் இருவரும் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. நன்மை செய்தவருக்குத் துஆ கேட்கலாம். ஆனால் துஆவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.